நைரோபி முதல் கேப்டவுன் வரை, ஆறு பேர், 24 நாள்: சரிப்பட்டு வருமா?

பொடிநடை:
வணக்கம் நண்பர்களே. நாங்கள் ஆறு பேர். நான்கு பேர் கோவையில் ஒன்றாகப் படித்தவர்கள், ஒருவனின் மனைவி, இன்னொருவனின் அக்கா. மூன்று வருடமாகச் சீட்டுக் கட்டுவதுபோல மாதாமாதம் பணம் போட்டுச் சேர்த்திருக்கிறோம். ஜூலையில் 24 நாள் விடுப்பு கிடைக்கும். நைரோபியில் இறங்கி கென்யாவின் மசாய் மாரா காடு, தான்சானியாவின் செரெங்கெட்டி காடு, கோரோங்கோரோ எரிமலைப் பள்ளம், சான்சிபார் தீவு, மலாவி ஏரி, விக்டோரியா அருவி, போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ, நமீபியாவின் எட்டோஷா, கடைசியில் கேப்டவுன். நடுவில் உகாண்டாவில் கொரில்லாவையும் பார்த்துவிடலாம் என்று ஒருவன் நிற்கிறான். முதுகுப்பை, கூடாரம், கிடைக்கிற பஸ் என்று சிக்கனமாகப் போகத்தான் எண்ணம். இரண்டு பேர் சைவம். அக்காவுக்குக் குளிர் ஆகாது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள், இது நடக்கிற காரியமா?

கூடாரவாசி:
பொடிநடை, பட்டியலைப் படிக்கும்போதே எனக்கு முதுகு வலித்தது.

இதே பாதையில் நான் டிரக்கில் போயிருக்கிறேன். நைரோபியிலிருந்து விக்டோரியா அருவிக்கு வந்து சேரவே மூன்று வாரம் ஆயிற்று. அங்கிருந்து போட்ஸ்வானா, நமீபியா வழியாகக் கேப்டவுன் இன்னொரு மூன்று வாரம். உங்கள் 24 நாளில் இதை முடித்தால் ஆப்பிரிக்காவின் நெடுஞ்சாலைகளை நன்றாகப் பார்த்திருப்பீர்கள். யானையைப் பார்த்த நினைவு இருக்காது.

டிரக் பயணம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். லாரி அடிச்சட்டத்தின்மேல் பஸ் மாதிரிக் கூடு கட்டியிருப்பார்கள். இருபது பேர் போல உட்காரலாம். பக்கவாட்டுக் கதவைத் திறந்தால் அடுப்பும் பாத்திரமும் இருக்கும். இரண்டு பேருக்கு ஒரு கூடாரம், அடிப்பதும் மடிப்பதும் நம் வேலை. காய் நறுக்குவது, பாத்திரம் கழுவுவது, டிரக்கைப் பெருக்குவது என்று முறைவைத்து வேலை உண்டு. கழுவிய தட்டைத் துணியால் துடைக்கக் கூடாது. இரண்டு கையிலும் தட்டைப் பிடித்துக்கொண்டு கோழி இறக்கை அடிப்பதுபோல வீசிக் காயவைக்கவேண்டும். முதல் நாள் சிரிப்பு வரும். பன்னிரண்டாம் நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு, குளிரில், யாருக்கும் சிரிப்பு வராது.

ஊர் மாறும் நாள்களில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் வண்டிதான். காலை நாலரைக்கு எழுப்புவார்கள். தெற்கே ஒரு நல்ல மாற்றம்: ஜாம்பியாவுக்கும் போட்ஸ்வானாவுக்கும் இடையே கசுங்குலாவில் 2021இல் பாலம் திறந்துவிட்டார்கள். அதற்கு முன் மிதவைப் படகுக்காகச் சரக்கு லாரிகள் நாள்கணக்கில் வரிசையில் நிற்கும்.

நைரோபிக்காரன்:
ஒன்பது வருடமாக இங்கே வேலை பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன். பஸ்ஸில் போகலாம் என்பது பாதி உண்மை. நைரோபியிலிருந்து நமங்கா எல்லை வழியாகத் தான்சானியாவின் அருஷா போக நல்ல பஸ் உண்டு. ஆனால் காட்டுக்குள் பஸ் கிடையாது, நடக்கவும் விடமாட்டார்கள். முதுகுப்பையோடு மாரா வாசலில் இறங்கினால் வாசலைத்தான் பார்க்கலாம்.

ஆறு பேர் என்பது அருமையான எண்ணிக்கை. கூரை தூக்கும் லேண்ட் குரூசரில் ஆளுக்கொரு சன்னலோடு சரியாக உட்காரலாம். செலவைப் பங்கிட்டால் டிரக்குக்குப் பக்கத்தில் வந்துவிடும், நிறுத்து என்ற இடத்தில் வண்டியும் நிற்கும்.

அப்புறம் கணக்கு. மாராவுக்குள் நுழைய வெளிநாட்டவருக்கு 2024 முதல் ஜனவரி–ஜூன் மாதங்களில் ஒரு நாளைக்கு 100 டாலர், ஜூலை–டிசம்பரில் 200 டாலர். சீட்டு காலை 6 முதல் மாலை 6 வரைதான். தங்கும் இடம் காட்டுக்கு வெளியே இருந்தால் உள்ளே போகும் ஒவ்வொரு நாளும் மறுபடி கட்டவேண்டும். ஆறு பேர், மூன்று நாள், ஜூலை: 3,600 டாலர் வாசலிலேயே போய்விடும்.

வரைபடத்தில் மாராவும் செரெங்கெட்டியும் ஒட்டிக்கொண்டு இருக்கும். வில்டபீஸ்ட் என்னும் காட்டுமாடும் வரிக்குதிரையும் சுலபமாகத் தாண்டும். சுற்றுலாக்காரர் அந்த வழியே தாண்ட முடியாது. இசெபானியா எல்லை வழியாகவோ நமங்கா வழியாகவோ சுற்றித்தான் போகவேண்டும், பெரும்பாலும் எல்லையில் வண்டியும் மாறவேண்டும். ஒரு பகல் முழுக்கப் போய்விடும்.

அனுமதி விஷயம்: கென்யாவுக்கு 2024 ஜனவரியிலிருந்து விசாவுக்குப் பதில் இணையத்தில் மின்னணுப் பயண அனுமதி. கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும் சேர்த்து 100 டாலரில் ஒரு விசா உண்டு. தான்சானியா அதில் சேராது, அதற்குத் தனியாக வாங்கவேண்டும். பலர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

கழுகுக்கண்:
பணத்தைப் பார்த்தால் படம் கிடைக்காது நண்பரே. பத்து லட்சத்துக்கு மேல் காட்டுமாடுகள் மழையைத் துரத்திக்கொண்டு வருடம் முழுக்கச் சுற்றுகின்றன. அவை மாரா ஆற்றில் குதிக்கும் காட்சி ஜூலை முதல் அக்டோபர் வரைதான். நான் ஆகஸ்டில் போனேன். இரண்டு நாள் ஒரே கரையில் காத்திருந்தேன். மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு ஒன்று குதித்தது, பிறகு நாற்பது நிமிடம் நிற்கவே இல்லை. முதலைகள் மரக்கட்டைபோலக் கிடந்து சட்டென்று திரும்பும். அதைப் பார்க்காமல் எதற்கு ஆப்பிரிக்கா?

மஞ்சள்பை:
கழுகுக்கண், நானும் அதே ஆகஸ்டு மாதத்துக் கரையில் நின்றவள்தான். நீங்கள் படத்தின் சட்டத்துக்கு வெளியே விட்டதைச் சொல்லட்டுமா? எங்கள் பக்கம் மட்டும் நாற்பதுக்கு மேல் வண்டிகளை எண்ணினேன். மந்தை இறங்கப் பார்க்கும், ஒரு வண்டி முன்னால் பாயும், மந்தை பின்வாங்கும். ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக்கூடாது என்று மாராவில் விதியே இருக்கிறது. அன்றைக்கு அதை யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. எங்கள் ஓட்டுநர் பெரியவர், "கூட்டம் இருக்கும் இடத்தில் கடைசி வரிசையில் நிற்பதைவிட ஒரு வௌவால்காது நரியோடு தனியாக நிற்கலாம், வாருங்கள்" என்று வண்டியைத் திருப்பிவிட்டார். அந்த நரி மண்ணில் காதை வைத்துப் பூச்சி நடக்கும் சத்தம் கேட்டுத் தோண்டியதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

இன்னொரு கதையும் கேளுங்கள். முதல் தடவை போனபோது லேண்ட் குரூசர் என்று பேசி முன்பணம் வாங்கிய ஒரு ஏற்பாட்டாளர், காலையில் அனுப்பியது சாதாரண வேன். முந்தைய ராத்திரி மழை. மாராவின் மண் கறுப்பு. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலேதான் அது, நனைந்தால் வெண்ணெய். அச்சு வரைக்கும் புதைந்து இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தோம். சிங்கம் இருக்குமோ என்று இறங்கவும் முடியாது, ஒதுங்கவும் முடியாது. வண்டியின் படத்தையும் பதிவெண்ணையும் முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள்.

கழுகுக்கண்:
வண்டிக்கூட்டம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்காகப் போகாதே என்பது சரியில்லை. ஆற்றுக்கு மேற்கே உள்ள முக்கோணப் பகுதியில் நிர்வாகம் கண்டிப்பு. அங்கே தங்கினால் இத்தனை நெருக்கடி இருக்காது.

மஞ்சள்பை:
போகாதே என்று எங்கே சொன்னேன்? பிப்ரவரியில் போகச் சொல்கிறேன். அப்போது அதே மந்தைகள் தெற்கே, ந்டுட்டு சமவெளியில் கன்று ஈனும். ஏன் அங்கே என்று கேட்டால் காரணம் மண்ணில் இருக்கிறது. ஓல் டோயின்யோ லெங்காய் எரிமலை கக்கிய சாம்பல் படிந்த நிலம் அது. புல் குட்டை, ஆனால் அதில் கால்சியமும் பாஸ்பரசும் அதிகம். பால் கொடுக்கும் தாய்க்கு அது வேண்டும். புல் குட்டையாக இருப்பதால் சிறுத்தை வருவதும் தூரத்திலேயே தெரியும், மாட்டுக்கும் நமக்கும்.

திருமலையான்:
வணக்கம் தம்பி. திருகோணமலையில் இருந்து எழுதுகிறேன். தான்சானியாவில் மூன்று வருடம் கட்டட வேலையில் இருந்தவன். மிருகத்தைப் பற்றி எல்லாரும் கதைத்துவிட்டார்கள், நான் நுளம்பைப் பற்றிக் கதைக்கிறேன், உங்கட ஊரில் கொசு.

முதலில் மஞ்சள் காய்ச்சல் ஊசி. கென்யா, உகாண்டா போன்ற நாடுகளுக்குப் போய் அந்த அட்டை இல்லாமல் திரும்பினால் உங்கள் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடலாம். எங்கட நாட்டிலும் அட்டை கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும், ஆனபடியால் கடைசி வாரத்துக்கு விடவேண்டாம். ஒருக்கால் போட்டால் ஆயுசுக்கும் போதும். முட்டை ஒத்துவராதவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் வைத்தியரிடம் முதலே சொல்லவேண்டும்.

மலேரியாவுக்கு ஊசியைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டாம், குளிசைதான், நீங்கள் மாத்திரை என்பீர்கள். டாக்சிசைக்ளின் என்றால் ஊருக்குத் திரும்பியும் நான்கு கிழமை (வாரம்) விழுங்கவேண்டும். வீட்டுக்கு வந்தாச்சு என்று நடுவில் விடுகிற ஆட்கள்தான் கன பேர். அந்தக் குளிசைக்கு வெயில் தோலைச் சுடும், தொப்பியும் நீளக் கையும் கட்டாயம்.

செட்சி ஈ என்று ஒன்று இருக்கு. ஜீன்சுக்கு மேலாலும் கடிக்கும். அதுக்குக் கடும் நீலமும் கறுப்பும் என்றால் உயிர். அந்த ஈயைப் பிடிக்கக் காட்டில் தொங்கவிடும் பொறியே நீலமும் கறுப்புமான துணிதான். அதே நிறத்தில் காற்சட்டை போட்டுக்கொண்டு போனால் நீங்களே பொறி.

மலாவி ஏரி வடிவான இடம், ஆனால் கரையோரத் தண்ணீரில் நத்தையால் வரும் புழு நோய் இருக்கு. குளித்தவர்கள் ஊர் வந்து சோதிக்க வேண்டும். பொலித்தீன் பையும் கொண்டுபோக வேண்டாம். கென்யா 2017இல் தடை செய்தது, தான்சானியா 2019இல். பயணப்பையில் உடுப்பைச் சுற்றி வைத்ததைக்கூட எடுக்கச் சொல்லுவார்கள்.

பொடிநடை:
அண்ணா, நன்றி. ஊசி எங்கே போடுவது? எங்களுக்குச் சென்னை வரத் தயக்கம் இல்லை.

நைரோபிக்காரன்:
கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், இல்லையென்றால் ராஜாஜி சாலைத் துறைமுக சுகாதார அலுவலகம். எல்லா ஆஸ்பத்திரியிலும் போடமாட்டார்கள். கடவுச்சீட்டு கொண்டுபோகவேண்டும். முன்பதிவும் ஊசி போடும் கிழமையும் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

புதுமுகம்07:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். கொரில்லா பார்க்க எவ்வளவு ஆகும்?

மட்டுறுத்துநர்:
கொரில்லாவுக்குத் தனி இழை தொடங்குங்கள். சுருக்கமாக: அனுமதிச் சீட்டு மட்டும் உகாண்டாவில் 800 டாலர், ருவாண்டாவில் 1,500 டாலர். ஒரு கூட்டத்தைப் பார்க்க ஒரு நாளைக்கு எட்டுப் பேர், ஒரு மணி நேரம், வயது 15 ஆகியிருக்க வேண்டும். 2019இல் வெளியான கணக்கின்படி உலகத்திலேயே மலைக்கொரில்லா 1,063தான், அதனால்தான் இந்தக் கட்டுப்பாடு. இங்கே இத்தோடு போதும்.

மஞ்சள்பை:
சைவக்காரர்கள் பயப்படவேண்டாம். உகாலி என்றால் மக்காச்சோளமாவுக் களி, அவ்வளவுதான். ஜாம்பியா போனால் ந்ஷிமா என்பார்கள், மலாவியில் ந்சிமா. கூடவே சுக்குமா விக்கி என்று ஒரு கீரைப் பொரியல். ந்டெங்கு என்பது நம் பச்சைப்பயறு. கென்யாவில் சப்பாத்திக்குப் பெயரே சப்பாத்திதான், உகாண்டா ரயில்பாதை போட 1890களில் வந்த இந்தியத் தொழிலாளர்கள் விட்டுப்போனது. நைரோபி பார்க்லேண்ட்சில் டயமண்ட் பிளாசா போனால் கறிவேப்பிலையே கிடைக்கும். ஒரு பொட்டலம் பருப்புப்பொடி எடுத்துக்கொண்டால் களியோடு சேர்த்து இரண்டு வாரம் ஓட்டலாம். சமையல்காரரிடம் "சைவம்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள், கோழி போடுவார். கோழி, மீன், முட்டை என்று ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டும்.

கூடாரவாசி:
யாரும் தொடாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நண்பர்களாகப் போகிறீர்கள், அதுதான் எனக்குக் கவலை.

எங்கள் டிரக்கில் ஐந்து நண்பர்கள் ஒரு கோஷ்டியாக வந்திருந்தார்கள். ஒன்பதாம் நாள் இரண்டாகப் பிரிந்தார்கள், விக்டோரியா அருவியில் தனித்தனியாகப் போய்விட்டார்கள். சண்டைக்குக் காரணம் என்ன தெரியுமா? சன்னல் இருக்கை. ஒருவனுக்குக் கேமரா பெரியது, அதனால் அவன் எப்போதும் சன்னலோரம். இன்னொருவன் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. பொதுப்பணத்திலிருந்து பீர் வாங்கியது, காலையில் ஒருவன் எழாமல் எல்லோரும் காத்திருந்தது, இதெல்லாம் அதன்மேல் ஏறிக்கொண்டது. முன்பின் தெரியாத நாங்கள் பதினைந்து பேரும் ஒருவருக்கொருவர் மரியாதையாகத்தான் இருந்தோம். தெரியாதவனிடம் "கொஞ்சம் நகருங்கள்" என்று சொல்லிவிடலாம். பதினைந்து வருட நண்பனிடம் அதைச் சொல்ல நாக்கு எழாது.

அதனால் கிளம்புமுன் பேசிவிடுங்கள். இருக்கை தினமும் மாறவேண்டும். பணம் ஒருவர் கையில், கணக்கு இன்னொருவர் கையில். விலங்கு பக்கத்தில் இருக்கும்போது யாரும் பேசக்கூடாது, பாட்டுப் போடவே கூடாது. நாலு நாளுக்கு ஒரு முறை யார் வேண்டுமானாலும் வண்டியில் ஏறாமல் தூங்கலாம், கேள்வி கேட்கக்கூடாது. சிங்கத்தைத் தவறவிட்டால் வருத்தம் தூங்கியவருக்கு மட்டும்.

பொடிநடை:
நேற்று ஆறு பேரும் கூடி மூன்று மணி நேரம் பேசினோம். கேப்டவுன் அடிபட்டது, மலாவி அடிபட்டது, கொரில்லாக்காரன் கோபித்துக்கொண்டு டீ குடிக்கப் போனான், வந்தான். முடிவு: பிப்ரவரி. 13 நாள். நைரோபி, தரங்கிரே காடு, கோரோங்கோரோ, ந்டுட்டு, நடு செரெங்கெட்டி, கடைசியில் மூன்று நாள் சான்சிபார். ஒரே லேண்ட் குரூசர், ஓட்டுநர் ஒருவர், சமையல்காரர் ஒருவர். வந்து எழுதுகிறேன்.

பொடிநடை (ஏழு மாதம் கழித்து):
வந்து சேர்ந்தோம். ஆறு பேரும் பேசிக்கொண்டிருக்கிறோம், கிட்டத்தட்ட.

கோரோங்கோரோ விளிம்பில் சிம்பா முகாம். பிப்ரவரிதானே என்று ஒரு ஸ்வெட்டரோடு போன என்னை அக்கா காலைவரை திட்டினார். 2,300 மீட்டர் உயரம் என்பது ராத்திரி இரண்டு மணிக்குத்தான் புரிந்தது. அக்காவோ மூன்று அடுக்குத் துணியும் வெந்நீர்ப் பையும் கொண்டுவந்திருந்தார், குளிர் ஆகாதவர் அவர் ஒருவர்தான் நன்றாகத் தூங்கியது. சாயங்காலம் ஒரு பெரிய ஆண் யானை முகாமுக்குள் நடந்துவந்து தண்ணீர்த் தொட்டியில் துதிக்கையை விட்டுக் குடித்துவிட்டுப் போயிற்று. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சமையல்காரர் இரண்டு அடி ஒதுங்கி வழிவிட்டார், அவ்வளவுதான் பரபரப்பு.

பள்ளத்துக்குள் இறங்க வண்டிக்கு மட்டும் 250 டாலர், வரி தனி. சுமார் 600 மீட்டர் ஆழம், கீழே 260 சதுர கிலோமீட்டர் சமதரை. காண்டாமிருகம் ஒன்று, தூரத்தில், கறுப்புப் புள்ளியாக. ஒட்டகச்சிவிங்கி ஏன் இல்லை என்று கேட்டோம், சுவர் செங்குத்து, அதனால் இறங்குவதில்லை என்றார் ஓட்டுநர். மதியம் நீர்யானைக் குளத்தருகே சாப்பிடும்போது மேலிருந்து பருந்து ஒன்று இறங்கி என் கையிலிருந்த சப்பாத்தியைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. விரலில் கீறல்கூட இல்லை. பழகின கை.

விளிம்பில் மசாய் இனப் பையன்கள் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். 1959இல் செரெங்கெட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களுக்கு இங்கே இருக்கலாம் என்று கொடுத்த இடம் இது. இப்போது இங்கிருந்தும் ம்சோமெரா என்ற ஊருக்குக் குடும்பங்களை மாற்றுகிறார்கள் என்று படித்திருந்தேன். ஓட்டுநரிடம் கேட்டேன். வளவளவென்று பேசுகிற மனிதர், "சாலை மோசம், பிடித்துக்கொள்ளுங்கள்" என்றார். சாலை அங்கே நன்றாகத்தான் இருந்தது. நாங்கள் கட்டிய பணத்தில் அந்தப் பையன்களுக்கு என்ன போகிறது என்று அன்று ராத்திரி சாப்பாட்டில் பெரிய விவாதம், முடியவில்லை.

ந்டுட்டு பற்றி மஞ்சள்பை அக்கா சொன்னது அத்தனையும் உண்மை. அடிவானம் வரை மாடு. "ங்ஙூ" என்ற முனகல் காலையிலிருந்து இரவு வரை ஓயவில்லை. எங்கள் கண் முன்னால் ஒரு கன்று விழுந்தது. எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன், ஆறு நிமிடத்தில் தாயோடு ஓடிற்று. வண்டியில் யாரும் மூச்சுவிடவில்லை. படம் எடுக்கவும் மறந்துபோனோம், கழுகுக்கண் மன்னிக்கவும்.

சண்டை? வந்தது. ஐந்தாம் நாள். சிறுத்தை ஒன்று புல்லில் பதுங்கிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் காத்திருந்தோம். கொரில்லாக்காரன் "இது தூங்குகிறது, அடுத்ததுக்குப் போவோம்" என்றான். வாக்கெடுப்பு மூன்றுக்கு மூன்று. கிளம்பினோம். மாலையில் முகாமில் வேறொரு வண்டிக்காரர்கள் அதே சிறுத்தை பத்து நிமிடத்தில் பாய்ந்ததைப் படத்தோடு காட்டினார்கள். அவனோடு இரண்டு நாள் இரண்டு பேர் பேசவில்லை. இருக்கைச் சுற்று விதி இருந்ததால் மூன்றாம் நாள் மூவரும் ஒரே வரிசையில் உட்கார நேர்ந்தது. அப்போதும் பேசவில்லை, ஆனால் பொட்டுக்கடலை கை மாறிற்று.

அப்புறம் செருப்பு. கூடாரத்துக்கு வெளியே எதையும் வைக்காதீர்கள் என்று ஓட்டுநர் சொல்லியும் ஒருவன் வைத்தான். காலையில் ஒற்றை ஷூ மட்டும் இருந்தது. மணலில் கழுதைப்புலிக் காலடி. மீதி நாள் முழுக்க ரப்பர் செருப்போடுதான் செரெங்கெட்டி பார்த்தான். செலவு, வண்டி ஏற்பாடு எல்லாம் தனிப்பதிவாக இந்த வாரம் போடுகிறேன். டாலர் நோட்டு பற்றி மட்டும் இப்போதே: பழசு, மடிப்புக் கிழிசல் எதையும் வாங்கமாட்டேன் என்கிறார்கள். 2013க்குப் பிறகு அச்சடித்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

திருமலையான்:
சந்தோசம் தம்பி. குளிசை இன்னும் விழுங்குகிறீர்களா?

பொடிநடை:
ஐந்து பேர் விழுங்குகிறோம் அண்ணா. ஆறாமவனுக்கு இந்த இழையின் இணைப்பை இப்போதே அனுப்புகிறேன்.

கழுகுக்கண்:
ஆறு நிமிடக் கன்றுக்கு ஒரு படம்கூட இல்லையா? ஒன்றே ஒன்று?

பொடிநடை:
அக்கா கைப்பேசியில் ஒன்று இருக்கிறது. பாதி கன்று, மீதி என் முழங்கை.